ஐந்தாவது விளக்கு

தலைவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதனால் கட்சிப் பணியில் தொய்வு எதுவும் இல்லை.

இறந்த அன்றே அவருடைய நினைவுகளை எடுத்து எட்டு மெமரி கார்டுகளில் ஏற்றினார்கள். கார்டுகளை ஒரு பெட்டியில் பொருத்தினார்கள். பெட்டியைத் திருச்சித் தலைமையகத்தின் கூட்ட அரங்கில், அவர் உட்கார்ந்த அதே நாற்காலியில் வைத்தார்கள். பெட்டிக்கு அவருடைய குரல் இருந்தது. கண்ணுக்குப் பதில் ஒரு கேமரா. பெட்டி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தது, கூட்டணியை முறித்தது, பிறகு அதே கூட்டணியில் சேர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் மக்களிடம் குறை கேட்டது. உயிரோடு இருந்தபோது மதியத்துக்கு முன் யாரையும் பார்க்காத மனிதர், பெட்டிக்குள் போனபின் காலையிலேயே தயாராக இருந்தார். தொண்டர்கள் இதை அவருடைய உழைப்பு என்றார்கள்.

நினைவுப் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் வீடுகளுக்குப் போவேன். இறந்துபோன மாமனாரின் சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று மருமகள்கள் கேட்பார்கள். முடியும். கட்சி அலுவலகத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.

பொதுச்செயலாளர் வளவன் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் தலைவரின் மகன். இரண்டாவது வீட்டு மகன் என்று அவரே சொல்லிவிட்டார், நான் வெளியே கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள். நாற்பதைத் தாண்டியவர். தலைவரைப் போலவே மீசை வைத்திருந்தார். மீசைக்கு அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

போன செயற்குழுக் கூட்டத்தில் அவர் தீர்மானத்தை வாசிக்க எழுந்திருக்கிறார். தலைவர் பாதியில் நிறுத்தினாராம்.

"'தம்பி, எங்கயோ பாத்த முகமா இருக்கே, எந்த மாவட்டம்?'னு கேட்டாரும்மா. எல்லாரும் உக்காந்திருக்காங்க."

சிரித்தார்களா என்று கேட்டேன்.

"சிரிச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். மனசுல வெச்சுக்கிட்டாங்க."

அவருடைய அம்மாவுக்கும் அதே கதைதான். பெட்டியைப் பார்க்க வந்தவரிடம், உட்காருங்கள் அம்மா, பட்டா பிரச்சினையா என்று தலைவர் விசாரித்திருக்கிறார். அன்றைக்கு, தலைவரின் முதல் மனைவி வீட்டில் இனிப்பு செய்ததாகக் கேள்வி. முதல் வீட்டு மருமகன் மாணிக்கவேல்தான் கட்சியின் துணைப் பொதுச்செயலாளர்.

அடுத்த மாதம் பொதுக்குழு. அங்கே தலைவர் தன் வாரிசை அறிவிப்பதாக இருந்தது. எந்த மாவட்டம் என்றே தெரியாத ஒருவரை வாரிசாக அறிவிப்பது எந்தப் பெட்டிக்கும் கஷ்டம்.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். தலைவரின் பிறந்தநாள் விழாவுக்குப் பிறகு என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. அரங்கில் குறை கேட்பு நடந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். தலைவர் கடைசிவரை கடவுள் இல்லை என்றவர். பெட்டிக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். பெட்டியைச் சுற்றித் தேக்கு மரத்தில் ஒரு கூடு. கூட்டின் முன்பக்கம் வெள்ளித் தகட்டில் தலைவரின் இளமைக்கால முகம். கேமரா பார்ப்பதற்கு நெற்றியில் பொட்டு அளவுக்கு ஒரு துளை.

கூட்டின் பின்பக்கக் கதவைத் திறந்து தரையில் உட்கார்ந்தேன். உள்ளே எட்டு ஸ்லாட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கார்டு. ஒவ்வொரு கார்டிலும் தலைவரின் பத்து வருடம். ஒவ்வொரு கார்டின் தலையிலும் கடுகளவு பச்சை விளக்கு. பெட்டி எந்தக் கார்டைப் படிக்கிறதோ அந்த விளக்கு எரியும்.

முன்னால் ஒருவர் தன் ஊருக்கு பஸ் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏழும் எட்டும் எரிந்தன. தலைவர் பஸ் தருவதாகச் சொன்னார். முதல் விளக்கு எரிந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனதையும் சொன்னார்.

ஐந்தாவது விளக்கு எரியவே இல்லை.

லேப்டாப்பை இணைத்தேன். பொருத்தியிருக்கும் நினைவு எண்பது வருடம். சிஸ்டம் அறிந்தது எழுபது வருடம். நாற்பது வயதிலிருந்து ஐம்பது வயது வரை தலைவர் வாழ்ந்ததே அதற்குத் தெரியவில்லை.

அப்போது ஒரு பெண்ணின் குரல் கேட்டது. மனு கொடுக்க வருகிறவர்களின் குரலில் இருக்கும் குழைவு அதில் இல்லை.

"தலைவரே, நான் அமிர்தவல்லி. சின்னதுரை சம்சாரம். மதகை அவர் தொறக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஆறு, ஏழு, எட்டு. பெட்டி தேடியது. கிடைக்கவில்லை.

"சின்னதுரை என்று எனக்கு யாரையும் தெரியாதே அம்மா. கட்சிக்காக வியர்வை சிந்திய தொண்டர்கள் பல்லாயிரம் பேர்," என்றது பெட்டி. கூட்டம் கைதட்டியது. பெட்டி எதைச் சொன்னாலும் கைதட்டுவது வழக்கம்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அறுபதை நெருங்கும் வயது. தலைவரின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான் என்பதால், என்னிடம் விவரம் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். துறையூர்ப் பக்கம் அவர்கள் ஊர். வாராவாரம் பஸ் ஏறி வருகிறார்.

கதையை அவர் சுருக்கமாகவே சொன்னார். பல தடவை சொன்ன கதை.

தலைவருக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும்போது, எதிர்க்கட்சி அவர்கள் ஊர் ஏரிக்குக் கீழே மாநாட்டுப் பந்தல் போட்டது. ஏரி நிரம்பியிருந்தது. மாநாட்டுத் திடல் சேறாகிவிட்டால் நன்றாக இருக்குமே என்று தலைவருக்குத் தோன்றியது. மதகு திறந்தது. பந்தலுக்குள் படுத்திருந்த பந்தல்காரர்கள் இரண்டு பேர் தண்ணீரில் போய்விட்டார்கள். சின்னதுரை அப்போது தலைவரின் கார் டிரைவர். சொன்னது தலைவர், திறந்தது வேறொருவர், ஒப்புக்கொண்டது சின்னதுரை. நேரம் வரும்போது நானே மேடையில் சொல்கிறேன் என்று தலைவர் அவர் தோளில் கை வைத்துச் சொன்னாராம். அந்த நேரம் வரவில்லை. தேர்தல் வந்தது, ஆட்சி வந்தது, மாரடைப்பு வந்தது.

சிறையிலிருந்து திரும்பிய சின்னதுரையை ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை. அமிர்தவல்லிக்கு மட்டும் பத்திரிகை வரும். போவார். பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் யாரும் உட்கார மாட்டார்கள். சின்னதுரைக்கு இதில் வருத்தம் இல்லை. தலைவர் சொல்லப்போகிறார் என்று இருந்தார். தலைவர் செத்தபோதுதான் பயந்தார். பெட்டியில் திரும்பி வந்ததும் கரை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டு, தலைவரே கூப்பிடுவார் என்று காத்திருந்தார். போன பிறந்தநாள் விழாவுக்குப் பிறகுதான் அமிர்தவல்லி கேட்கக் கிளம்பினார்.

பெட்டி தெரியாது என்று சொன்னதை முதல் தடவை கேட்டபோது, தலைவர் விளையாடுகிறார் என்று சிரித்திருக்கிறார். அடுத்த தடவை சிரிக்கவில்லை.

"இப்ப சோத்தைத் தள்ளி வெச்சுர்றாரு. டீத்தண்ணி மட்டும்தான். ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. அந்தப் பெட்டி மறந்துபோச்சா, தெரிஞ்சே சொல்லுதா?"

மறந்துதான் போயிருக்கிறது என்றேன். விளக்குகளைப் பற்றிச் சொன்னேன்.

"அதுக்கப்புறமும் இவரை எத்தனையோ தடவை பாத்திருக்காரே?"

"ஒரு ஆளை முதல்ல எப்பப் பாத்தாரோ, அந்தக் கார்டுலதாம்மா அவரோட பேரு, உறவு எல்லாம் இருக்கும். பின்னாடி பாத்ததெல்லாம் வெறும் முகம். அந்த முதல் கார்டு வேலை செய்யலேன்னா, முகம் தெரியும், ஆள் தெரியாது."

"கல்யாண வீட்டுல ஒருத்தர் சிரிப்பாங்க, நாமளும் சிரிப்போம். யாருன்னே தெரியாது. அந்த மாதிரி."

அதே மாதிரி என்றேன்.

"அந்த அஞ்சாவது விளக்கு எரிஞ்சா?"

"அவருக்குத் தெரியும்னு அர்த்தம்."

"தெரிஞ்சா சொல்லிருவாருல்ல?"

சொல்லிவிடுவார் என்றேன். என் தொழிலில் உள்ளவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. மெமரியைச் சரி செய்தால் ஆள் சரியாகிவிடுவார்.

சுலபமானவற்றை முதலில் பார்த்தேன். சில பெட்டிகளில் சிஸ்டத்தின் பதிப்பே மலிவாக இருக்கும். எத்தனை வருடத்தைச் செருகினாலும் பாதி ஆயுளைத்தான் எடுத்துக்கொள்ளும். இது உயர்ந்த பதிப்பு. சில வீடுகளில் யாராவது செட்டிங்கில் வரம்பு வைத்திருப்பார்கள். ஒரு மருமகன், தனக்குப் பெண் கொடுத்த நாள் வரைக்கும் மட்டும் மாமனார் நினைவு வைத்திருந்தால் போதும் என்று வைத்திருந்தார். இங்கே வரம்பு எதுவும் இல்லை. மிச்சம் ஒரே வழிதான். கார்டைக் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். அதற்குப் பெட்டியை அணைக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் வளவன் எழுந்து நின்றுவிட்டார்.

"தலைவரை அணைக்கறதா?"

அணைத்துவிட்டு உடனே போட்டுவிடலாம் என்றேன். அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்றார். நான்கு வருடமாகப் பெட்டி ஒரு தடவைகூட அணைந்ததில்லை. அதற்கென்று இரண்டு ஜெனரேட்டர்கள், ஓர் அறை நிறைய பேட்டரி. கட்சி விதிப்படி தலைவர் இல்லாத நொடியில் துணைப் பொதுச்செயலாளர் தலைவராகிவிடுவார். அந்த விதியை எழுதியவரே தலைவர்தான். அப்போது வளவன் கல்லூரியில் இருந்தார்.

"வெளிய தெரிஞ்சா கடையெல்லாம் மூடணும். நாலு பஸ்ஸு எரியும். அது பரவாயில்ல. மாணிக்கவேல் வந்து உக்காந்துருவான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். அரசியல்வாதிக்குப் பிறந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. தலைவர் மௌன விரதம் இருக்கப்போகிறார் என்றார். எதற்காக என்று கேட்டேன். அதை அப்புறம் யோசிக்கலாம் என்றார். மறுநாள் அறிக்கையில் காவிரிக்காக என்று வந்தது.

அவரிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாவது கார்டில் இருப்பது அவர் மட்டும் அல்ல.

"மதகும் அதுலதான் சார் இருக்கு."

என்னையே பார்த்தார். "அந்தம்மா உங்ககிட்டயும் வந்துட்டாங்களா?" பிறகு, தன்னை மட்டும் அப்பாவின் நினைவுக்கு வரவைக்க முடியாதா என்று கேட்டார். முடியாது, ஒரே கார்டு என்றேன். அவர் தண்ணீர் குடித்தார்.

"சரி, போடுங்க. அப்பாவை எனக்குத் தெரியும்."

அதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

விரத நாளன்று மாநிலம் முழுக்கத் தொண்டர்கள் வாய் திறக்கவில்லை. இதை வாரம் ஒருநாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று பல வீடுகளிலிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பெட்டியைச் சுற்றித் திரை கட்டியிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நானும் வளவனும். அந்தப் பக்கம் முன் வரிசையில் மாணிக்கவேல், காதைத் தீட்டிக்கொண்டு. பெட்டிக்குள் ஒரு சின்ன விசிறி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியை அணைத்தால் அந்தச் சத்தம் நின்றுவிடும். வளவன் அதையும் யோசித்திருந்தார். வீட்டிலிருந்து ஒரு பழைய டேபிள் ஃபேன் கொண்டுவந்திருந்தார். அவர் அதைப் போட்டார். நான் தலைவரை அணைத்தேன்.

வளவன் கண்ணை மூடிக்கொண்டார். தகப்பன் இரண்டாம் தடவை சாகும்போது மகன் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது கார்டை உருவினேன். புளித்த தயிர் வாடை அடித்தது. கார்டின் பற்களில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதன்மேல் கொஞ்சம் சந்தனம், கொஞ்சம் குங்குமம். வளவனிடம் காட்டி, இது என்ன என்று கையால் கேட்டேன். அவரும் விரதம். பேசக் கூடாது. இரண்டு கைகளாலும் ஒரு குடத்தைத் தூக்கித் தலைக்கு மேலிருந்து ஊற்றிக் காட்டினார்.

பிறந்தநாள். பாலாபிஷேகம்.

யார் என்று கேட்டேன். நிறைய பேர் என்று கையை விரித்தார். முதல் குடம் யார் என்று ஒரு விரலைக் காட்டிக் கேட்டேன். தன் நெஞ்சைத் தொட்டார்.

கூட்டின் உச்சியில் காற்றுக்காக விட்டிருந்த துளைகள் ஐந்தாவது ஸ்லாட்டுக்கு நேர் மேலே இருந்தன. அதையும் காட்டினேன். தன் கையால் பாலை ஊற்றித் தன்னை அழித்துக்கொண்டது அவருக்குப் புரிந்தது. அந்த முகத்தை நான் அதிக நேரம் பார்க்கவில்லை.

பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தேன். ஆல்கஹால் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவர் அதன்மேல் கை வைத்து மூடினார். மதுவிலக்குதான் கட்சியின் முதல் கொள்கை. சரி என்று பென்சில் ரப்பரை எடுத்துக் கார்டின் பற்களைத் தேய்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் தப்பை அழிக்கிற அதே ரப்பர். பளிச்சென்று வந்தது. ஸ்லாட்டுக்கு ரப்பர் போதாது. மாணிக்கவேல் என்ன செய்கிறார் என்று வளவன் திரை இடுக்கில் எட்டிப் பார்த்தபோது, ஸ்லாட்டுக்குள் ஸ்பிரிட்டை விட்டு பிரஷ்ஷால் துடைத்தேன். தலைவர் வாழ்நாளில் அது முதல் தடவை இல்லை என்று கேள்வி.

கார்டை அழுத்தி மாட்டினேன். பெட்டியைப் போட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நான்கு. ஐந்து. ஆறு. லேப்டாப்பில் எண்பது என்று வந்தது.

கேமரா வளவன் பக்கம் திரும்பியது. ஐந்தாவது விளக்கு எரிந்தது.

"ஏன்டா வளவா இப்படி மெலிஞ்சுபோயிட்ட? அம்மா சோறு போடலியா?"

மேடைத் தமிழ் இல்லை. வீட்டில் பேசுகிற குரல். வளவன் பெட்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். தலைவர் விரதத்தை முறித்துவிட்டார் என்பதற்கு அடையாளமாகத் திரைக்கு வெளியே மாணிக்கவேல் இருமினார்.

கிளம்புமுன் ஒன்று சொன்னேன். கூட்டுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது, கொஞ்ச நாளைக்குக் கூட்டைப் போட வேண்டாம், பெட்டி திறந்தே இருக்கட்டும். அது உண்மையும்கூட. வெள்ளி முகம் இல்லாமல் தலைவர் மொட்டையாகத் தெரிவாரே என்று கவலைப்பட்ட வளவன், மறுநாள் அறிக்கையில் தலைவர் ஆடம்பரத்தைத் துறந்தார் என்று எழுதினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். வேலை எதுவும் இல்லை. வளவன் பக்கத்தில் இடம் போட்டார்.

அமிர்தவல்லி புருஷனைக் கூட்டி வந்திருந்தார். நான் சொன்னதை நம்பித்தான். சின்னதுரை உயரமான மனிதர். உடம்பு வற்றி, சட்டை தோளில் தொங்கியது. துவைத்த கரை வேட்டி. தலைவருக்கு முன்னால் கட்சிக்காரர்கள் குனிவதுபோல அவர் குனியவில்லை. டிரைவர்கள் முதலாளி வரும்வரை வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார்களே, அப்படி நின்றார். அமிர்தவல்லியின் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் தூக்குவாளி. அவர்கள் ஊர்க்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள், அவர்களுக்கு பஸ் வேண்டியிருந்தது.

கூடு இல்லாததால் எட்டு விளக்குகளும் இப்போது முன்னால் இருப்பவர்களுக்கும் தெரிந்தன. யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை.

அமிர்தவல்லி முன்னால் போனார். இந்தத் தடவை தன் பெயரைச் சொல்லவில்லை.

"சின்னதுரை வந்திருக்காரு தலைவரே. மதகை அவர் தொறக்கலன்னு சொல்லுங்க."

ஐந்தாவது விளக்கு எரிந்தது. அது மட்டும்தான் எரிந்தது. பெட்டி தேடவில்லை. நேராக அங்கேயே போய் எடுத்தது.

"சின்னதுரை என்று எனக்கு யாரையும் நினைவில்லையே அம்மா," என்றது. "கட்சிக்காக வியர்வை சிந்திய தொண்டர்கள் பல்லாயிரம் பேர்." ஐந்தாவது விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கூட்டம் கைதட்டியது. வளவன் என் பக்கம் சாய்ந்தார்.

"சொன்னேன்ல. அப்பாவை எனக்குத் தெரியும்."

அமிர்தவல்லி பெட்டியைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். எண்பது வருடமும் சரியாக இருக்கிறது, பழுது எதுவும் இல்லை என்று வேண்டுமானால் சொல்லியிருக்கலாம். அவர் புருஷனிடம் போனார். காதில் ஏதோ சொன்னார். விரலை நீட்டி விளக்கைக் காட்டினார்.

சின்னதுரை சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பெட்டிக்குப் பக்கத்தில் போனார். வழியில் ஒரு தொண்டர் தடுத்தார், தள்ளிவிட்டுப் போனார். குனிந்து விளக்கையே பார்த்தார்.

"நல்லா இருக்கீங்களா தலைவரே?"

விளக்கு எரிந்தது.

"நன்றாக இருக்கிறேன் தம்பி. நீங்கள் எந்த மாவட்டம்?"

"ஏரிக்கரையில வண்டிய நிறுத்தச் சொன்னீங்க. லைட்ட அணைக்கச் சொன்னீங்க."

விளக்கு எரிந்தது.

"நினைவில்லையே தம்பி."

"என் தோள்ல கை வெச்சீங்க."

விளக்கு எரிந்தது. பிறகு, எல்லாத் தொண்டர்களின் தோளிலும் என் கை இருக்கிறது என்றது. இந்தத் தடவை கைதட்டல் பாதி அரங்கிலிருந்துதான் வந்தது. மீதிப் பாதி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன் வரிசையில் அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டி, அங்கே பார் என்று காட்டினார். அமிர்தவல்லி அவர்களிடம் போய்த் தணிந்த குரலில் பேசினார். சுருக்கமாகவே பேசியிருப்பார். அவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், சின்னதுரையைப் பார்த்தார்கள், திரும்பப் பெட்டியைப் பார்த்தார்கள்.

சின்னதுரை நிமிர்ந்தார். சிரித்தார். முப்பத்தைந்து வருடமாக அவர் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. ஆனால் தான் கற்பனை செய்யவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் மரியாதை இல்லை. அரங்கில் யாரும் அதுவரை தலைவரைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

முன் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது மாவட்டச் செயலாளர்களுக்கானது.

"என்ன கொண்டாந்திருக்க?" என்று மனைவியிடம் கேட்டார்.

"புளிசோறு."

"குடு."

தூக்குவாளியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, தலைவரைப் பார்த்தபடி சாப்பிட்டார். அவசரம் இல்லாமல், விரல்களை நக்கி. அரங்கு முழுக்கப் புளியும் வறுத்த கடலையும் மணத்தன. பெட்டிக்கு மூக்கு கிடையாது. அது அடுத்த மனுவைக் கேட்டது.

வளவனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும்.

"அது என்னம்மா பச்சையா லைட்டு?"

"ஈரம் காயுதான்னு காட்டும் சார்."

பொதுக்குழுவில் தலைவர் வளவனைத் தன் வாரிசாக அறிவித்தார். ஐந்தாவது விளக்கு எரிந்தது. மாணிக்கவேலும் எனக்கு மகன்தான் என்றார். அந்த வாக்கியத்துக்கு எந்த விளக்கும் எரியவில்லை.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் கூடிவிட்டது. முன் வரிசைக்கு அடிதடி. தலைவரின் எளிமைக்கு மக்கள் தரும் வரவேற்பு என்று வளவன் நினைத்தார். மனு கொடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. விளக்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அமிர்தவல்லி ஒருநாள் போன் செய்தார். அவர்கள் ஊரில் ஒரு கல்யாணம். பத்திரிகையில் இரண்டு பேரின் பெயரும் இருந்ததாம். பந்தியில் சின்னதுரை அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாராம். பாயசத்தில் சர்க்கரை பத்தவில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம். மானத்தை வாங்கிவிட்டார் என்றார் அமிர்தவல்லி. குரலில் அப்படித் தெரியவில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் வளவன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தேக்குக் கூட்டுக்குப் புதுப் பாலிஷ் போட்டு, வெள்ளி முகத்தைத் துலக்கி, தயாராக வைத்திருந்தார்கள். இப்போது மூடிவிடலாமா என்று கேட்டார்.

பெட்டிக்குள் கையை விட்டு ஐந்தாவது ஸ்லாட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

"இன்னும் ஈரம் இருக்கு சார்," என்றேன்.